வேற்றுமை ஏற்கும் நிலம்: ரெய்க்யவிக்கிலிருந்து இசாஃப்யோர்துர் வரை

ஐஸ்லாந்தில் விமானம் வந்து இறங்கும் ஊரின் பெயரே அந்நாட்டு மொழியைக் கற்க வருவோருக்கு முதல் பாடமாக அமைந்துவிடுகிறது. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு உறைந்து பாறையாகி அதன்மேல் சாம்பற்பச்சைப் பாசி படர்ந்திருக்கும் ரெய்க்யநெஸ் தீபகற்பத்தில் அமைந்த அவ்வூரின் பெயர் எழுத்தில் ‘எஃப்’ கொண்டு எழுதப்பட்டாலும், அவ்வெழுத்து லகரத்துக்கு முன் வரும்போது பகர ஒலி பெறும் என்ற விதியால், கெப்லவிக் என்றே ஒலிக்கிறது. அங்கிருந்து தலைநகர் நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்து சாலையோரப் பெயர்ப்பலகைகளை வாசிக்க முயலும் மாணவர், எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதல்ல என்பதையும், அத்தொலைவு ஒழுங்கற்றதன்று, விதிகளுக்கு உட்பட்டதே என்பதையும் ஒருசேர உணரத் தொடங்குவார்.

சொல்லழுத்தம் முதலசையில் விழுவதும், இரட்டித்த லகரம் பெரும்பாலும் ‘ட்ல்’ போல உடைந்து ஒலிப்பதும், நன்றி கூறப் பயன்படும் ‘தஃக்’ என்னும் சிறுசொல்லில் ககர ஒலிக்கு முன் ஒரு மூச்சொலி வந்து நிற்பதும் தொடக்க வாரங்களிலேயே கற்பிக்கப்படுகின்றன. வல்லொலிக்கு முன் மூச்சு வெளிப்படும் இவ்வியல்பை முன்மூச்சொலிப்பு எனலாம். உலக மொழிகளில் அரிதாகவே காணப்படும் இதனைக் கைவரப்பெறப் பிறநாட்டு மாணவர் பலர் இடர்ப்படுகையில், குறிலுக்கும் வல்லினத்துக்கும் நடுவே ஆய்தம் நிற்கும் எஃகு, அஃது போன்ற சொற்களை அறிந்த தமிழ் மாணவருக்கு அந்த ஒலி நிற்கும் இடமாவது புதிதாக இராது. உயிரெழுத்துகளின் அளவில்தான் அவர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்; ஏனெனில் தமிழில் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்துகளாக நிற்க, இம்மொழியிலோ அழுத்தம் பெற்ற உயிர் நீள்வதும் குறுகுவதும் அதனை அடுத்து ஒரு மெய் வருகிறதா, இரண்டு மெய்கள் வருகின்றனவா என்பதைப் பொறுத்தே அமைகின்றன. நெடுங்கணக்கில் 32 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் நுனிநாவைப் பல்லிடுக்கில் வைத்து ஒலிக்கும் ‘தோர்ன்’, ‘எத்’ ஆகிய இரண்டும் பிற ஐரோப்பிய எழுத்துமுறைகளிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டவை. தனி ஒலி இல்லாது வரலாற்றுக் காரணத்துக்காக மட்டும் எழுதப்பட்டுவந்த ‘இசட்’ 1973-ல் நீக்கப்பட்டது.

ரெய்க்யவிக் நகர நடுவிலுள்ள ட்யோர்னின் ஏரியின் தென்கோடியைக் கடந்து, வாத்ஸ்மீரி எனப்படும் சதுப்புநிலத்தின் ஓரமாக நடந்தால் ஐஸ்லாந்துப் பல்கலைக்கழக வளாகம் வந்துவிடும். நாட்டின் விடுதலை இயக்கத்தை முன்னெடுத்த யோன் சிகுர்த்ஸோன் பிறந்து நூறாண்டு நிறைந்த நாளான 1911 ஜூன் 17 அன்று, நாடாளுமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 45 மாணவரோடு தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகம், 1940-ல்தான் இன்றைய முதன்மைக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன் உயர்கல்வி வேண்டிய ஐஸ்லாந்து இளைஞர் பெரும்பாலும் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கே கப்பலேறினர் என்பதும், டேனிய மொழிச் சொற்கள் மலிந்திருந்த தம் எழுத்துநடையைச் சீர்திருத்த வேண்டும் என்ற வேட்கை அவர்களுள் சிலருக்கு அங்கேதான் வலுப்பெற்றது என்பதும் இம்மொழியின் வரலாற்றில் கருதத்தக்கவை. 1835-ல் யோனாஸ் ஹால்கிரிம்ஸோன் உள்ளிட்ட நால்வர் கோபன்ஹேகனில் தொடங்கிய ‘ஃப்யோல்னிர்’ இதழ் இன்றைய உரைநடையின் தோற்றுவாய்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. யோனாஸ் பிறந்த நவம்பர் 16-ஆம் நாள் 1996 முதல் ஐஸ்லாந்து மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அயல்நிலத்தில் மாணவராக இருந்தோர் தம் மொழியை எண்ணி எழுதியவற்றை, இன்று அயல்நிலத்திலிருந்து வந்த மாணவர் இங்கே பாடமாகப் படிக்கின்றனர்.

வளாகத்துத் தெருக்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தால் இம்மொழியின் கதையில் பாதி விளங்கிவிடும். முதன்மைக் கட்டடத்தின் முன்னே செல்லும் சைமுந்தார்காதா என்னும் தெரு, வெளிநாட்டில் கல்வி கற்றுத் திரும்பிய பழம்புலவர் சைமுந்துரின் பெயரைத் தாங்கியது. சாத்தானைக் கடல்நாய் வடிவெடுக்கச் செய்து அதன் முதுகேறிக் கடல் கடந்துவந்த அவர், கரை நெருங்கியதும் திருப்பாடல் நூலால் அதன் தலையில் அடித்து வீழ்த்தினார் என்ற நாட்டுக்கதையைச் சிற்பி ஆஸ்முந்துர் ஸ்வேய்ன்ஸோன் வடித்த சிலை அங்கே நிற்கிறது. அருகிலுள்ள ஆர்ன்கிரிம்ஸ்காதா, 1609-ல் ‘க்ரிமோகேயா’ என்னும் இலத்தீன் நூலை வெளியிட்டு, வட ஐரோப்பாவின் தொல்மொழி ஐஸ்லாந்தில்தான் சிதையாமல் நிலைத்திருக்கிறது என்று வாதிட்ட அறிஞர் ஆர்ன்கிரிமுரை நினைவூட்டுகிறது. மொழித்தூய்மை பற்றிய பெருமிதம் அந்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்கு அந்நூலே சான்று. அயல்மொழிகள் கற்பிக்கப்படும் ‘வெரோல்த்’ என்னும் மாளிகை நிற்கும் தெருவோ, பழம்பாடல்களைத் தாங்கிய எட்டா ஏட்டை 1662-ல் டேனிய மன்னருக்கு அனுப்பிவைத்த பேராயர் ப்ரின்யோல்ஃபுரின் பெயரால் வழங்குகிறது. தேர்தல் வழியாக நாட்டுத் தலைவரான உலகின் முதல் பெண்மணியும், 1980 முதல் 1996 வரை குடியரசுத் தலைவராக இருந்தவருமான விக்தீஸ் ஃபின்போகாதோத்திரின் பெயரைக் கொண்ட அம்மாளிகை 2017-ல் திறக்கப்பட்டது.

மன்னருக்குச் சென்ற அந்த ஏடு திரும்பி வருவதற்கு மூன்று நூற்றாண்டுகள் ஆயின. ஆர்னி மாக்னுஸ்ஸோன் (1663–1730) என்னும் அறிஞர் ஊர் ஊராகச் சென்று திரட்டிக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோன தோற்சுவடிகளையும், அரச நூலகத்தில் இருந்த சுவடிகளையும் மீட்பதற்கு ஐஸ்லாந்து மக்கள் நெடுங்காலம் வாதாடியதன் பயனாக, 1971 ஏப்ரல் 21 அன்று எட்டாச் சுவடியும் ‘ஃப்லாதேயார்போக்’ என்னும் பெருஞ்சுவடியும் டேனியக் கடற்படைக் கப்பலில் ரெய்க்யவிக் துறைமுகத்தை அடைந்தன. எஞ்சியவற்றின் ஒப்படைப்பு 1997-ல்தான் நிறைவுற்றது. இன்று அச்சுவடிகளும், அவற்றை ஆராயும் ஆர்னி மாக்னுஸ்ஸோன் நிறுவனமும், பல்கலைக்கழகத்தின் ஐஸ்லாந்தியத் துறையும் ஆர்ன்கிரிம்ஸ்காதாவில் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட ‘எட்டா’ என்னும் நீள்வட்ட மாளிகையில் ஒருங்கே அமைந்துள்ளன. அதன் புறச்சுவர்களில் சுவடிகளின் வரிகள் பெரிய எழுத்துகளாக வடிக்கப்பட்டிருப்பதால், கட்டடத்தைச் சுற்றி நடக்கும் தொடக்கநிலை மாணவர் தமக்குத் தெரிந்த ஓரிரு சொற்களையேனும் அங்கே தேடிப் பார்ப்பது இயல்பு.

இரண்டாம் மொழியாக ஐஸ்லாந்தியம் கற்க விரும்புவோருக்கு இப்பல்கலைக்கழகம் இருவகைப் பாடத்திட்டங்களை வைத்திருக்கிறது: அன்றாடப் பயன்பாட்டை முதன்மையாகக் கொண்ட ஓராண்டு சான்றிதழ்ப் படிப்பு ஒன்று, இலக்கணம், இலக்கியம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு மூன்றாண்டுகளில் 180 மதிப்பலகுகள் ஈட்ட வேண்டிய இளங்கலைப் பட்டப்படிப்பு மற்றொன்று. சாகா எனப்படும் இடைக்கால உரைநடைக் காப்பியங்களில் ஈடுபாடு கொண்டு வருவோரும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடாவின் மானிட்டோபாவுக்குக் குடிபெயர்ந்த ஐஸ்லாந்தியரின் வழித்தோன்றல்களும், ஐஸ்லாந்தியரை மணந்தோரும், மீன் பதப்படுத்தும் ஆலையிலோ விடுதியிலோ வேலை பார்த்துக்கொண்டே பயில்வோரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். இவர்களுள் கடைசியாகக் கூறப்பட்டவரே மிகக் கடினமான பாதையில் நடப்பவர் என்பதும், நாட்டின் எதிர்காலத்துக்கு மிக வேண்டியவர் அவரே என்பதும் இக்கட்டுரையின் கருத்து. அதற்கான காரணம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும் சாலைப் பயணத்தின் முடிவில் தெளிவாகும்.

பெயர்ச்சொல் நான்கு வேற்றுமைகளை ஏற்கும்: எழுவாய், செயப்படுபொருள், தமிழ் நான்காம் வேற்றுமைக்கு ஏறத்தாழ நிகரான கொடைப்பொருள், உடைமைப்பொருள் என்பன அவை. ஒருமை, பன்மை என்னும் எண்ணும், சுட்டுப்பொருள் தரும் ஈற்றொட்டு சேர்வதும் சேராமையும் இவற்றோடு பெருக்கப்படும்போது ஒரு பெயருக்கு 16 வடிவங்கள் கிடைக்கின்றன. மூன்று பாலுக்கும் ஒப்பீட்டு நிலைகளுக்கும் ஏற்ப மாறும் பெயரடைக்கோ 120 வடிவங்கள் வரை உள்ளன. ஒன்று முதல் நான்கு வரையிலான எண்ணுப்பெயர்கள்கூடப் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்பத் திரியும். ஐஸ்லாந்துப் பள்ளிக் குழந்தைகள் ஒரு பெயரின் வேற்றுமை வடிவங்களை வரிசைப்படுத்த, ‘இதோ’, ‘பற்றி’, ‘இருந்து’, ‘நோக்கி’ என்னும் பொருள்களைத் தரும் நான்கு சிறுசொற்களை அதன்முன் வைத்துச் சொல்லிப் பார்க்கும் வாய்பாட்டை மாணவரும் கற்றுக்கொள்கின்றனர். ஐயம் எழும்போதெல்லாம் அவர்கள் நாடுவது ஆர்னி மாக்னுஸ்ஸோன் நிறுவனம் இணையத்தில் எவரும் காணுமாறு வைத்திருக்கும் ‘பீன்’ என்னும் சொல்வடிவத் தரவுத்தளத்தை. ஒரு சொல்லைத் தந்தால் அதன் எல்லாத் திரிபுகளையும் அட்டவணையாகத் தரும் அத்தளம் இல்லாமல் இன்று எவரும் இம்மொழியைப் பயில்வதாகத் தெரியவில்லை.

தமிழ் மாணவர் சிறிது நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்றும் இவ்விலக்கணத்தில் உண்டு. குளிரை உணர்வதையும் ஒன்றை விரும்புவதையும் கூறும்போது ஆங்கிலம் உணர்பவரை எழுவாயாக்க, ஐஸ்லாந்தியம் அவரைக் கொடைப்பொருள் வேற்றுமையில் நிறுத்துகிறது. ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்குப் பிடிக்கிறது’ என்னும் தமிழ்த் தொடர்களின் அமைப்பு அங்கே அப்படியே இருப்பதைக் காணலாம். ஹோஸ்குல்துர் த்ராயின்ஸோன் 1979-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு உள்ளிட்ட ஆய்வுகளால், எழுவாயின் வேலையைச் செய்யும் இந்த வேற்றுமையேற்ற பெயர்கள் உலக மொழியியலாரின் விவாதப் பொருளாயின. ஏங்குவதைக் குறிக்கும் வினை முதலான சிலவற்றோடு செயப்படுபொருள் வேற்றுமையே வர வேண்டும் என்பது மரபாக இருந்தும், பேச்சில் மக்கள் அங்கும் கொடைப்பொருள் வேற்றுமையைப் பயன்படுத்துவதுண்டு. பள்ளி ஆசிரியர்கள் நெடுங்காலமாக ‘நோய்’ என்று பெயரிட்டுத் திருத்திவந்த இவ்வழக்கத்தை இன்றைய ஆய்வாளர் ‘சாய்வு’ என்றே குறிக்கின்றனர். தாய்மொழியாளருக்குப் பிழை என்று சொல்லப்பட்டதையே இயல்பான மாற்றமாகக் காணும் இம்மனநிலை, பிறமொழியாளரின் தடுமாற்றத்தைக் கேட்கும் செவிக்கும் பரவ வேண்டும்.

ஏனெனில் இம்மொழியைக் கற்பதில் உள்ள பெருந்தடை வேற்றுமை உருபுகளால் வருவதன்று. ஏறத்தாழ 4 லட்சம் மக்கள் வாழும் நாட்டுக்கு ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்துபோகின்றனர். கடையிலும் உணவகத்திலும் பணிபுரிவோருள் பலரே வெளிநாட்டவர். உள்ளூர் மக்களோ ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள். ஆகவே மாணவர் ஐஸ்லாந்தியத்தில் ஒரு தொடரைத் தயங்கித் தொடங்கியவுடன், எதிரில் இருப்பவர் அவரது சுமையைக் குறைக்கும் நல்லெண்ணத்தால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். விருந்தோம்பலாகச் செய்யப்படும் இச்செயல், கற்பவரிடமிருந்து கற்கும் வாய்ப்பைப் பறிப்பதில் முடிகிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்து குடியேறியவர், அவர்களுள் போலந்து நாட்டினரே மிகப் பெரிய குழுவினர் என்னும் நிலையில் இது தனிமாணவர் ஒருவரின் குறையாக நின்றுவிடுவதில்லை. 2011-ல் இயற்றப்பட்ட சட்டம் ஐஸ்லாந்தியத்தை நாட்டின் தேசிய மொழியாக அறிவித்திருப்பினும், அம்மொழியைப் பேசிப் பழக இடம் கிடைக்காத மக்கள் திரள் பெருகிக்கொண்டே போனால் சட்டத்தின் பயன் குறைந்துவிடும்.

மொழி அழியுமோ என்ற அச்சம் அந்நாட்டுக்குப் புதிதன்று, அதை உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் ஓர் அயல்நாட்டு மாணவர். டென்மார்க்கின் ஃப்யூன் தீவில் 1787-ல் பிறந்த ராஸ்முஸ் ராஸ்க், பள்ளியில் பயிலும் காலத்திலேயே நார்வே மன்னர் வரலாறாகிய ‘ஹெய்ம்ஸ்கிரிங்லா’வின் படி ஒன்றைப் பெற்று, அகராதியும் இலக்கணமும் இன்றி, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டு அம்மொழியின் விதிகளைத் தாமே வகுத்துக்கொண்டவர், 1811-ல் இலக்கண நூலை வெளியிட்ட பிறகே 1813-ல் அந்நாட்டு மண்ணை மிதித்தார். டேனிய வணிகர் நிறைந்த ரெய்க்யவிக்கைக் கண்டு மனம் வருந்திய அவர், எதுவும் செய்யாவிட்டால் நூறாண்டுகளில் அந்நகரிலும், அதன்பின் மேலும் இருநூறு ஆண்டுகளில் நாடு முழுவதிலும் இம்மொழி வழக்கிழக்கும் என்று கடிதத்தில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் 1816-ல் ஐஸ்லாந்து இலக்கியக் கழகம் தோன்ற முன்னின்று உழைத்தார். அதே ஆண்டு தொடங்கிய நெடும்பயணத்தில் உருசியா, பாரசீகம் வழியாக 1820-ல் பம்பாயை அடைந்து, இந்தியாவைக் கடந்து இலங்கை வரை சென்று, சுவடிகளோடு 1823-ல் ஊர் திரும்பினார் என்பதையும் தமிழ் வாசகர் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்நகருக்கு அவர் குறித்த கெடு முடிந்துவிட்டது. ரெய்க்யவிக் இன்றும் ஐஸ்லாந்தியம் பேசுகிறது. தூய்மையைக் காத்த பெருமை தாய்மொழியாளருக்கு உரியதெனினும், கற்றுக்கொண்டு வந்த அயலவரும் அக்காவலில் பங்கு கொண்டனர் என்பதற்கு ராஸ்க்கின் வாழ்க்கையே போதும்.

தலைநகரின் ஆங்கிலத்திலிருந்து விலக விரும்பும் மாணவர் பலர் கோடையில் வடமேற்குத் தீபகற்பமாகிய வெஸ்ட்ஃபிர்திர் நோக்கிச் செல்கின்றனர். அதன் தலையூரான இசாஃப்யோர்துர், சாலை வழியே சுமார் 450 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1998-ல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தால் ஹ்வால்ஃப்யோர்துர் என்னும் கடற்கழியைக் கடந்து, போர்கர்நெஸ் ஊரில் வடக்கே திரும்பி, மலைக்கணவாய் ஏறி இறங்கினால் தாலிர் என்னும் பள்ளத்தாக்கு நாடு விரிகிறது. புல்வெளிகளும் ஆடுகளும் சால்மன் மீன் ஏறும் ஆறுகளும் நிறைந்த இந்நிலமே 13-ஆம் நூற்றாண்டின் ‘லாக்ஸ்தைலா சாகா’வின் களம்; கதைமாந்தர் வாழ்ந்த பண்ணைகளுள் பல இன்றும் அதே பெயரோடு சாலைப் பலகைகளில் நிற்கின்றன. 1941-ல் எழுத்தாளர் ஹால்தோர் லாக்ஸ்னெஸ் இந்தச் சாகாவை இன்றைய எழுத்துமுறையில் பதிப்பித்தபோது எழுந்த எதிர்ப்பு, பழநூல்களைப் பதிப்பிக்கும் உரிமையை அரசு தன்னிடம் வைத்துக்கொள்ளும் சட்டத்தில் சென்று முடிந்தது. அவர் அடுத்த ஆண்டே மற்றொரு சாகாவை அவ்வாறே வெளியிட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1943-ல் அச்சுச் சுதந்திரத்துக்குச் சாதகமாக முடிந்தது. பின்னாளில், 1955-ல், நோபல் பரிசு பெற்ற அவரது அன்றைய பிடிவாதத்தின் பயனை இன்று முழுமையாகத் துய்ப்போர் அயல்நாட்டு மாணவர்களே. பல்கலைக்கழகத்தில் கற்ற எழுத்துமுறையைக் கொண்டே எழுநூறு ஆண்டுப் பழமையான உரைநடைக்குள் அவர்கள் நுழைய முடிகிறது.

ஹோல்மவிக் ஊருக்கு அப்பால் சாலை ஸ்டெய்ன்கிரிம்ஸ்ஃப்யார்தார்ஹெய்தி என்னும் மேட்டுநிலத்தில் ஏறுகிறது. இந்நெடும்பெயரைக் கண்டு மலைக்கும் மாணவர் அதனைப் பிரித்துப் பார்த்தால், ஸ்டெய்ன்கிரிமுர் என்பவரின் கடற்கழிக்குரிய மேட்டுநிலம் என்று, உடைமை வேற்றுமைகள் தொடர்ந்து கோக்கப்பட்ட எளிய தொகை என்பது விளங்கும். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்து நிற்கும் கழியை இம்மொழி ‘ஃப்யோர்துர்’ என்கிறது. செயப்படுபொருள் வேற்றுமையில் அது ‘ஃப்யோர்த்’ என்றும், கொடைப்பொருளில் ‘ஃபிர்தி’ என்றும், உடைமைப்பொருளில் ‘ஃப்யார்தார்’ என்றும் திரிகிறது. ஈறு மட்டுமன்றி வேரின் உயிரொலியும் இவ்வாறு மூவகையாக வருவதை வகுப்பறையில் மனனம் செய்வது கடினம். மேட்டுநிலத்தைக் கடந்து இசாஃப்யார்தார்த்யூப் என்னும் பெருங்கழியின் கரையில் இறங்கிய பின்போ, அடுத்த பல மணிநேரத்துக்கு அச்சொல்லின் வடிவங்களே வழியாக அமைந்துவிடுகின்றன.

பெருங்கழியின் தென்கரை, விரித்த கைவிரல்களைப் போலச் சிறுகழிகளாகப் பிளந்திருக்கிறது. மியோய்ஃப்யோர்துரைத் தாண்டப் பாலம் கட்டப்பட்டுவிட்டது. எனினும் ஸ்கோதுஃப்யோர்துர், ஹெஸ்த்ஃப்யோர்துர், ஸேய்திஸ்ஃப்யோர்துர், ஆல்ஃப்தாஃப்யோர்துர் ஆகியவற்றின் கரையைச் சாலை ஒவ்வொன்றாகச் சுற்றி, உட்கோடிவரை சென்று, எதிர்க்கரை வழியாக வெளியே வந்தாக வேண்டும். வடக்கே நாட்டின் வடகோடிப் பனிமுகடான ட்ராங்காயோகுட்ல் வெண்மையாகத் தெரிகிறது. ஹ்வீதாநெஸ் முனையில் கடல்நாய்கள் பாறைகளில் படுத்திருக்கின்றன. 1895-ல் கல்லும் புல்மண்ணும் கொண்டு எழுப்பப்பட்ட லிட்லிபைர் என்னும் சிறுவீடு ஸ்கோதுஃப்யோர்துர்க் கரையில் காக்கப்பட்டு வருகிறது. ஓர் ஊரை ‘நோக்கி’ச் செல்வதைக் கூறத் தமிழ் நான்காம் வேற்றுமையைக் கையாள, இங்கே உடைமை வேற்றுமை வேண்டப்படுவதால், வழிகேட்கும் மாணவர் இசாஃப்யார்தார் என்ற வடிவத்தையும், அங்கே தங்கியிருப்பதைக் கூறும்போது இசாஃபிர்தி என்ற வடிவத்தையும் கையாள வேண்டும். இடப்பொருள் உணர்த்தும் முன்னிடைச்சொல்லும் ஊருக்கு ஊர் வேறுபடும்: ரெய்க்யவிக்குக்கு ஒன்று, இசாஃப்யோர்துருக்கு மற்றொன்று. இவ்வேறுபாட்டை முழுதும் விளக்கும் விதி எதுவும் இல்லை. அவ்வூரில் வாழ்வோர் எப்படிச் சொல்கின்றனர் என்பதைக் கேட்டே அறிய வேண்டும். இம்மண்ணில் கால்வைத்துக் கற்பதை வேறெதுவும் ஈடுசெய்ய இயலாது என்று கூறுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுவதில்லை.

இசாஃப்யோர்துருக்கு முன் கடைசியாகச் சுற்றவேண்டிய ஆல்ஃப்தாஃப்யோர்துரின் கரையில் சூதவிக் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1995 ஜனவரி 16 அன்று மலையிலிருந்து சரிந்த பனி 14 பேரின் உயிரைக் கவர்ந்த பின், ஊர் மக்கள் தம் வீடுகளைப் பாதுகாப்பான பகுதிக்கு மாற்றி அமைத்துக்கொண்டனர். இதே கடற்கழியின் கரையில்தான் 1593-ல் யோன் ஓலாஃப்ஸ்ஸோன் பிறந்தார். இளமையில் ஊரைவிட்டுக் கப்பலேறி, டேனிய மன்னரின் பீரங்கிப் படையில் சேர்ந்து, 1622-ல் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டுச் சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியை அடைந்து, 1620-ல் டேனியர் எழுப்பத் தொடங்கியிருந்த டான்ஸ்போர்க் கோட்டையில் பணிபுரிந்தவர் அவர். வெடிமருந்து விபத்தில் கைகள் சிதைந்து நாடு திரும்பி, இப்பகுதியிலேயே முதுமை எய்தி, 1661-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிவைத்த அவரை ஐஸ்லாந்தியர் ‘இந்தியாஃபாரி’, அதாவது இந்தியா சென்றவர், என்றே அழைக்கின்றனர். காவிரிக் கடைமடையின் கடற்கரை ஊர் ஒன்று, ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகிலுள்ள இக்கடற்கழியின் மொழியில் பதினேழாம் நூற்றாண்டிலேயே விரிவாக எழுதப்பட்டுவிட்டது என்பது தமிழுலகில் இன்னும் பரவலாக அறியப்படாத செய்தி.

செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடலுக்குள் வளைந்து நீளும் மணற்றிட்டின்மேல் அமைந்த இசாஃப்யோர்துர், மூவாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் மீன்பிடி ஊர். 18-ஆம் நூற்றாண்டு வணிகர்கள் கட்டிய மரவீடுகள் இன்றும் துறைமுகத்தருகே நிற்கின்றன. 2005-ல் நிறுவப்பட்ட வெஸ்ட்ஃபிர்திர் பல்கலைக்கழக மையம் கடல்சார் மேலாண்மை முதலிய துறைகளில் ஆங்கிலவழி முதுகலைக் கல்வி அளிப்பதோடு, கோடையில் தொடக்கநிலை முதல் பல நிலைகளில் ஐஸ்லாந்திய வகுப்புகளையும் நடத்துகிறது. காலையில் கற்ற தொடரை மாலையில் ரொட்டிக்கடையிலும் நீச்சல்குளத்துச் சுடுநீர்த் தொட்டியிலும் சொல்லிப் பார்க்கும் அளவுக்கு ஊர் சிறியது. ஆயினும் ஆங்கிலம் இங்கும் வந்து சேர்ந்துவிட்டபடியால், ஐஸ்லாந்தியத்துக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று பொருள்படும் ‘கேவும் ஈஸ்லென்ஸ்கு ஸ்யென்ஸ்’ என்னும் இயக்கம் மையத்தின் முன்முயற்சியால் உருவாகியிருக்கிறது. கற்பவரைப் பேசத் தூண்டுவதோடு இவ்வியக்கம் நிற்பதில்லை. மெதுவாகப் பேசவும், கேட்பவருக்குப் புரியாதபோது ஆங்கிலத்துக்குத் தாவாமல் எளிய ஐஸ்லாந்தியத்தில் மாற்றிச் சொல்லவும், தவறான வேற்றுமையைக் கேட்டு முகம் சுளிக்காமல் உரையாடலைத் தொடரவும் ஊராரைப் பழக்குகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை எதிரில் அமர்பவர் மாறிக்கொண்டே இருக்கும் ‘ஹ்ராத்ஈஸ்லென்ஸ்கா’ என்னும் விரைவு உரையாடல் கூட்டங்களில் ஆலைத் தொழிலாளரும் மாணவரும் ஊர்ப் பெரியவரும் ஒரே மேசையில் சந்திக்கின்றனர். நானூறு ஆண்டுகளாகத் தூய்மையைப் போற்றி வந்த ஒரு சமூகம், பிறர் வாயில் தன் மொழி உடைந்து வருவதைப் பொறுமையோடு கேட்கக் கற்றுக்கொள்வது எளிதன்று. ஆயினும் இருபத்தோராம் நூற்றாண்டில் மொழிக்காவல் என்பது கலைச்சொல்லாக்கக் குழுக்களின் மேசைகளைவிட இம்மேசையிலேயே மிகுதியாக நடக்கிறது எனலாம். தலைநகரிலும் இது வேர்கொள்ள வேண்டும். ஆலைப் பணி முடித்து மாலை வகுப்புக்கு வரும் போலந்துப் பெண்ணுக்குப் பட்டத்தைவிட அதுவே பயன்படும்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம், மூன்றாம் ஆண்டை எட்டும் மாணவருக்கு யோன் இந்தியாஃபாரியின் நூல் எட்டாத உயரத்தில் இல்லை. டேனியச் சொற்கள் விரவிய அதன் நடை, சாகாக்களின் செறிந்த நடையினின்று வேறுபட்டு, நேரில் இருந்து கதை சொல்பவரின் போக்கில் செல்கிறது. அதன் ஒரு பகுதி முழுவதும் இந்தியப் பயணத்துக்கே உரியது. 1908–09-ல் கோபன்ஹேகனில் அதனை முதன்முதலாக முழுமையாக அச்சேற்றிய சிக்ஃபூஸ் ப்ளோந்தால், பின்னர் 1920-களில் பேரளவிலான ஐஸ்லாந்திய–டேனிய அகராதியையும் தொகுத்தார். ராஸ்க்குக்குக் கிட்டாத அகராதியும், சொல்வடிவத் தரவுத்தளமும், இன்றைய எழுத்துமுறைப் பதிப்புகளும் இப்போது கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால், தரங்கம்பாடியைப் பற்றிய அப்பகுதியை மூலத்திலிருந்தே நேரடியாகத் தமிழாக்கும் பணியைத் தமிழ் மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வாக மேற்கொள்வதற்குத் தடையேதும் இல்லை.